அனலும் புனலும் மண்ணும்

திருநள்ளாற்றின் பெயரோடு ஒட்டிப் பிறந்த கதை ஓர் ஏட்டின் கதை. மதுரையில் பாண்டியன் அவையில் வாதம் நடந்தபோது திருஞானசம்பந்தர் தம் பதிகச் சுவடியில் கயிறு சாத்திப் பார்க்க, திருநள்ளாற்றுப் பதிகம் எழுதிய ஏடு வந்தது. அதை நெருப்பில் இட்டார்கள். கருகாமல் பச்சையாகவே இருந்ததால் அது 'பச்சைப் பதிகம்' என்று பெயர் பெற்றது. பிறகு வைகையில் விடப்பட்ட வேறோர் ஏடு நீரை எதிர்த்து ஏறிப் போய்த் திருவேடகத்தில் நின்றது என்கிறது பெரியபுராணம். முதலில் அனல்வாதம், அடுத்து புனல்வாதம். நெருப்புக்கும் நீருக்கும் தோற்காதவை என்பதே அந்த ஏடுகளின் பெருமை.

மண்ணில் புதைத்துப் பார்க்கும் வாதம் ஒன்று நடக்கவில்லை. நடத்தவும் தேவையில்லை, ஏனென்றால் பனையோலை மண்ணில் என்ன ஆகும் என்பது காவிரிக் கடைமடையில் வாழ்ந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் நரம்புகள் மட்டும் மிஞ்சும், அடுத்த மழைக்கு அவையும் இருக்காது.

ஆனால் அதே ஓலை வீட்டுப் பரணில் இருநூறு, முந்நூறு ஆண்டுகள் நின்றிருக்கிறது. பதப்படுத்தி, மஞ்சளும் விளக்குக் கரியும் தேய்த்து, புல்லெண்ணெய் தடவி, அடுப்புப் புகை படும் இடத்தில் கட்டி வைத்தார்கள். ஈரம் ஏறாமலும் பூச்சி அண்டாமலும் பார்த்துக்கொண்டார்கள். ஏடு நைந்துபோனால் புதிய ஓலையில் படியெடுத்தார்கள். படியெடுத்து முடிந்த பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட வழக்கத்தை உ.வே.சாமிநாதையர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். நாம் இழந்த நூல்களை நினைத்தால் அந்த வருத்தம் நமக்கும் வரும். ஆனால் ஓலை என்ற பொருளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. பரணில் அது மக்காத பொருள், ஆற்றிலும் வயலிலும் மக்கும் பொருள். ஓலை மாறவில்லை, அது போய்ச் சேர்ந்த இடம்தான் மாறியது.

இன்று அலுவலக மேசைக்கு வரும் 'மக்கும்' பேனாவையும் ஃபைலையும் பற்றிப் பேசும்போது இந்த ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. மக்குதல் என்பது பொருளுக்கு மட்டும் சொந்தமான குணம் அல்ல. பொருளும் இடமும் சேர்ந்தால் நடக்கும் வினை அது. இடத்தைச் சொல்லாமல் 'மக்கும்' என்று மட்டும் அச்சடித்தால் அது பாதி வாக்கியம்தான்.

திருநள்ளாறு சின்ன ஊர். கொம்யூன் பஞ்சாயத்து, பள்ளிகள், வங்கிக் கிளைகள், கோயில் அலுவலகம், தங்கும் விடுதிகள் என்று வழக்கமான அலுவலகங்கள்தான். பக்கத்துக் காரைக்காலையும் சேர்த்துக்கொண்டால் மாவட்ட அலுவலகங்களும் கல்லூரிகளும் வரும். சனிப்பெயர்ச்சிக் காலத்தில் லட்சக்கணக்கான பேர் வந்து போகிறார்கள். 2023 டிசம்பர் 20 அன்று நடந்த பெயர்ச்சிக்கும் அப்படித்தான் வந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பின்னால் அடையாள அட்டை, அதன் பிளாஸ்டிக் உறை, கழுத்து நாடா, அனுமதிச் சீட்டு, பேனர், பேனா, ஃபோல்டர் என்று ஒரு சின்ன மலை எஞ்சும். அவற்றில் ஒரு பகுதி இப்போது 'பயோ' என்ற முத்திரையோடு விற்பனைக்கு வருகிறது.

அந்த முத்திரைக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு பொருள்கள் இருக்கலாம். கடைக்காரருக்கும் அது தெரிவதில்லை, வாங்குபவருக்கும் தெரிவதில்லை. தாவரத்திலிருந்து செய்த பிளாஸ்டிக் ஒரு வகை. கரும்புச் சாராயத்திலிருந்து பாலித்தீன் செய்யும் ஆலையைப் பிரேசிலில் பிராஸ்கெம் நிறுவனம் 2010இல் தொடங்கியது. மூலம் கரும்புதான். ஆனால் கிடைப்பது எல்லோருக்கும் தெரிந்த அதே பாலித்தீன், அது மக்காது. இதற்கு நேர் எதிராக நிற்பது பி.பி.ஏ.டி. பெட்ரோலியத்திலிருந்து பிறந்தும் நுண்ணுயிர் தின்னக்கூடியது. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் இதை 1998 முதல் விற்றுவருகிறது. இந்தியாவில் 'கம்போஸ்டபிள்' என்று விற்கும் கைப்பைகளில் பெரும்பாலும் இதுதான் முக்கியப் பொருள், கூடவே பாலிலாக்டிக் அமிலமோ மாவுப்பொருளோ கலந்திருக்கும். சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளி மாவுக்கும் இதில் ஒரு சந்தை உண்டு. மூன்றாவது, தாவரத்திலிருந்தும் பிறந்து, தக்க இடம் கிடைத்தால் மக்கவும் செய்வது. சுருக்கமாக பி.எல்.ஏ. எனப்படும் பாலிலாக்டிக் அமிலம்தான் இதில் பெரிய பெயர். சோளம் அல்லது கரும்பின் சர்க்கரையைப் புளிக்க வைத்து லாக்டிக் அமிலம் எடுத்து, அதைச் சங்கிலியாகக் கோத்துச் செய்வது. தயிரைப் புளிக்க வைக்கும் அமிலமும் இதுவே. பேனா உடல், ஸ்கேல், ஃபோல்டர் ஆகியவற்றில் 'சோளத்திலிருந்து செய்தது' என்று எழுதியிருந்தால் அநேகமாக அது பி.எல்.ஏ. உத்தரப் பிரதேசத்தில் ஒரு சர்க்கரை நிறுவனம் இதற்காகவே பெரிய ஆலை கட்டும் திட்டத்தை 2024இல் அறிவித்தது. ஆகவே வரும் ஆண்டுகளில் நம் மேசைகளில் இது இன்னும் கூடும்.

பி.எல்.ஏ. எப்படி உடைகிறது என்பதைப் புரிந்துகொள்ள, கோயில் குளமான நளதீர்த்தத்தின் படித்துறையைவிட நல்ல இடம் கிடையாது.

அங்கே வருபவர் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்து, உடுத்திய துணியை விட்டுவிட்டுப் போகிறார். நல்லெண்ணெய் என்பது வேதியியல் கண்ணில் ஓர் எஸ்டர். கிளிசராலும் கொழுப்பு அமிலங்களும் ஒரு குறிப்பிட்ட பிணைப்பால் சேர்ந்த பொருள். விட்டுப் போகும் சட்டை பாலியெஸ்டர் துணியாக இருந்தால், பெயரிலேயே இருப்பதுபோல அதுவும் எஸ்டர்தான். அந்தச் சட்டைப் பையில் ஒரு 'சோளப் பேனா' இருந்தால் அதுவும் எஸ்டர். மூன்றிலும் இருப்பது ஒரே வகைப் பிணைப்பு. நீர் போதுமான நேரமும் சூடும் பெற்றால் அந்த இடத்தில் புகுந்து வெட்டும். நுண்ணுயிர்களின் நொதிகள் அதே வேலையைப் பல மடங்கு வேகமாகச் செய்யும்.

அப்படியிருந்தும் மூன்றும் மூன்று கதியை அடைகின்றன. எண்ணெய் சில நாள், சில வாரத்தில் கரையும். எண்ணெயை வெட்டும் லைப்பேஸ் என்ற நொதி, குளத்துச் சேற்றிலுள்ள எண்ணற்ற நுண்ணுயிர்களிடம் உண்டு. உயிர்கள் எண்ணெயைத் தின்று கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன. பாலியெஸ்டர் துணியில் எஸ்டர் பிணைப்புகளுக்கு நடுவே பென்சீன் வளையங்கள் விறைப்பாக உட்கார்ந்திருக்கின்றன. சங்கிலிகள் நெருங்கி அடுக்கிப் படிகமாகின்றன. நொதி அருகே போக இடமில்லை. ஜப்பானின் சாகாய் நகரில் பாட்டில் மறுசுழற்சி ஆலை அருகே எடுத்த மாதிரியில் பாலியெஸ்டரைத் தின்னும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததாக 2016இல் அறிவித்தார்கள். அதற்கு இடியோனெல்லா சாகாயென்சிஸ் என்று பெயர். ஆனால் அதுவும் படிகத்தன்மை குறைந்த மெல்லிய படலத்தை 30 டிகிரியில் தின்னவே ஆறு வாரம் எடுத்தது. முறுக்கி நெய்த சட்டை நூலை அது அப்படித் தின்றுவிடாது. பருத்தி வேட்டியின் கதை வேறு. அதில் எஸ்டர் இல்லை, செல்லுலோஸ். அதைத் தின்பதற்குப் பூஞ்சைகள் காடு தோன்றிய காலம் முதல் பழகியிருக்கின்றன.

பி.எல்.ஏ. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதில் பென்சீன் வளையம் கிடையாது. ஆனால் அதன் சங்கிலிகள் அறைவெப்பத்தில் கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும். 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் எட்டும்போதுதான் அவை தளர்ந்து அசையத் தொடங்குகின்றன. தளர்ந்தால்தான் நீர் உள்ளே தாராளமாகப் புகும். முதலில் வேலை செய்வது நுண்ணுயிர் அல்ல, நீர். நீர் புகுந்து நீண்ட சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. வெட்டிய முனைகளில் அமிலம் உண்டாகிறது, அந்த அமிலம் மேலும் வெட்டத் தூண்டுகிறது. துண்டுகள் போதுமான அளவு சிறுத்த பின்னரே நுண்ணுயிர்கள் பந்திக்கு வருகின்றன. முழு நீளச் சங்கிலியை நேரடியாகக் கடிக்கக்கூடிய உயிர்கள் மண்ணில் அரிது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் அமைகோலடாப்சிஸ் என்ற இனத்தில் ஒன்றைக் கண்டார்கள். அதைப் போன்றவை பிறகும் சில கிடைத்தன, பல கிடைக்கவில்லை.

ஆக, 58 டிகிரி என்ற எண்ணைச் சுற்றியே எல்லாம் நடக்கிறது. உலகெங்கும் உரமாகும் பிளாஸ்டிக்கைச் சோதிப்பது இந்தச் சூட்டில்தான். இந்தியத் தரநிர்ணய அமைப்பு ஏற்றிருக்கும் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 தரத்தின்படி, ஏறக்குறைய 58 டிகிரியில் வைத்த உரக்கலவையில் 180 நாளுக்குள் பொருளின் கரிமத்தில் 90 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும். 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மேலே தங்கக் கூடாது. இது நேர்மையான சோதனை. இதில் தேறிய பொருளைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இந்தச் சோதனை விவரிக்கும் இடம் ஒரு தொழிற்கூட உரக்குவியல். அது வயலும் அல்ல, வாய்க்காலும் அல்ல, கிடங்கும் அல்ல.

திருநள்ளாற்றில் அந்தச் சூடு எங்கே கிடைக்கும்? கத்திரி வெயிலில் நிழல் வெப்பம் 40 டிகிரியைத் தொடலாம். வெயில் நேரே விழும் தரையின் மேற்பரப்பு அதைவிடவும் சுடும், வெறுங்காலில் நடந்தவருக்கு அது தெரியும். ஆனால் அந்த மாதங்களில் டெல்டாவின் களிமண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், ஈரம் இருக்காது. ஈரம் கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில். அப்போது வெயில் ஒளிந்துகொள்ளும், மண் குளிர்ந்திருக்கும். பி.எல்.ஏ.வை உடைக்கச் சூடும் ஈரமும் ஒரே நேரத்தில், வாரக்கணக்கில் வேண்டும். வடகிழக்குப் பருவமழை நாடு அந்த இரண்டையும் மாறி மாறித்தான் தருகிறது. இங்கே மண்ணில் விழுந்த பி.எல்.ஏ. பேனா அழியவே அழியாது என்று சொல்ல வரவில்லை. மிக மெதுவாக, ஆண்டுக் கணக்கில், அதன் உள்சங்கிலிகள் சிறுக்கும். ஆனால் அட்டையில் படித்த ஆறு மாதம் அதற்குப் பொருந்தாது.

சூடு இயற்கையாகவே கிடைக்கும் ஓர் இடம் உண்டு. சாணமும் வைக்கோலும் தழையும் கலந்து ஆள் மார்பளவு குவித்து, ஈரம் காத்து, அவ்வப்போது புரட்டிப்போட்ட எருக்குவியல். விடியற்காலையில் கிளறினால் ஆவி பறக்கும். உள்ளே 55, 60 டிகிரி இருக்கும். நுண்ணுயிர்கள் தின்னும்போது வெளிவிடும் சூடு அது. குவியல் ஒரு கன மீட்டராவது இருந்தால்தான் அந்தச் சூடு தங்கும். வீட்டுத் தொட்டியிலும் மாடிப் பானையிலும் தங்காது. பிரிட்டனில் வீட்டு உரத்தொட்டிகளை வைத்துப் பொதுமக்களோடு சேர்ந்து லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி நடத்திய ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. வீட்டிலேயே உரமாகும் என்று சான்று பெற்ற பிளாஸ்டிக்குகளிலும் 60 விழுக்காடு முழுதாகச் சிதையவில்லை. டெல்டாவின் பழைய எருக்குழி அறிவு இந்த விஷயத்தில் மாடித் தொட்டியைவிட எவ்வளவோ மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அலுவலகப் பொருள்களுக்கு அது முக்கியம், விளம்பரங்களில் வருவதில்லை. கனம். உரமாகும் சான்று ஒரு பொருளுக்கு மட்டும் அல்ல, குறிப்பிட்ட கனம் வரைக்கும்தான். கைப்பை சில பத்து மைக்ரான் கனமுள்ள படலம். பேனாவின் உடல் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது, ஸ்கேல் அதற்கும் மேல். அதே பி.எல்.ஏ.வாக இருந்தாலும் படலம் தேறிய சோதனையில் ஸ்கேல் தேற வேண்டும் என்று இல்லை. கொதிநீர் தாங்குவதற்காகப் படிகமாக்கிய வகைகள் இன்னும் மெதுவாகவே உடையும். 'இந்தப் பொருளுக்குச் சான்று இருக்கிறது' என்று விற்பனையாளர் ஒரு தாளைக் காட்டினால், சான்று எந்தக் கனத்துக்கு என்று கேட்க வேண்டும்.

சரி, ஆவி பறக்கும் உரக்குவியலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேனா அங்கே போய்ச் சேருமா? குப்பை தரம்பிரிக்கும் கொட்டகையில் நிற்கும் பெண்ணின் கையில் நொடிக்கு ஒரு பொருள் வந்து விழுகிறது. பி.எல்.ஏ. ஃபோல்டருக்கும் பாலிப்ரொப்பிலீன் ஃபோல்டருக்கும் கைக்கும் கண்ணுக்கும் வேறுபாடு இல்லை. அவர் செய்யக்கூடிய நியாயமான காரியம் இரண்டையும் உரத்திலிருந்து எடுத்து வெளியே போடுவது. அப்படிப் பொறுக்கியது பழைய பிளாஸ்டிக் வியாபாரிக்குப் போனால் அங்கே வேறு சிக்கல். பி.எல்.ஏ. நீரில் மூழ்கும், பெட் பாட்டிலும் மூழ்கும். நீர்த்தொட்டியில் பிரிக்கும்போது இரண்டும் ஒன்றாக அடியில் தங்கிவிடும். பெட் 250 டிகிரிக்கு மேல் உருகும், பி.எல்.ஏ. 150 முதல் 180க்குள்ளேயே உருகிவிடும். கொஞ்சம் கலந்தாலும் உருகிய பெட் மங்கும், தரம் கெடும். மறுசுழற்சியில் நல்ல விலை கிடைக்கும் ஒரு பொருளை 'பசுமை'ப் பேனா கெடுத்துவிடுகிறது. இதன் இழப்பைச் சுமப்பது பேனாவைச் செய்தவர் அல்ல, பாட்டில் பொறுக்கிப் பிழைப்பவர்.

பெரும்பாலும் அந்தப் பேனா கிடங்கிலோ பள்ளத்திலோதான் முடிகிறது. குவிந்த குப்பைக்கு அடியில் காற்று இல்லை. மழையில் நிரம்பிய நெல்வயல் சேறும் அப்படித்தான். காற்றில்லாத இடத்தில் உடையும் பொருள் கார்பன் டை ஆக்சைடு மட்டுமல்ல, மீத்தேனும் தரும். நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 27, 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். தாளும் அட்டையும் காற்றில்லாத கிடங்கில் இதைத்தான் செய்கின்றன. பி.எல்.ஏ.வைக் காற்றில்லாமல் புதைத்துப் பார்த்த 2012ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், படிகமான வகை அளவிடத்தக்க மீத்தேன் எதையும் தரவில்லை. பி.எல்.ஏ. கிடங்கில் மக்காமல் கிடப்பது ஒரு வகையில் நல்லது. மக்குவதெல்லாம் நன்மை, மக்காததெல்லாம் தீமை என்ற எளிய கணக்கு இங்கே உதவாது. ஃபைல் அட்டையைக் கிடங்குக்கு அனுப்புவதைவிடத் தாள் வியாபாரிக்கு அனுப்புவதே மேல் என்று நான் நினைப்பதற்குக் காரணமும் இதுவே.

புனலுக்கு வருவோம். அரசலாறும் அதன் கிளைகளும் இந்த ஊர்களின் குப்பையைச் சுமந்து காரைக்காலில் கடலில் சேர்கின்றன. ஜெர்மனியின் பைராய்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மக்கும் எனப்படும் பாலிமர்களைக் கடல்நீரிலும் நன்னீரிலும் 25 டிகிரியில் ஓராண்டு வைத்துப் பார்த்து 2017இல் எழுதினார்கள். லாக்டிக் அமிலத்தோடு கிளைகாலிக் அமிலம் கலந்த, மருத்துவத் தையல் நூலுக்குப் பயன்படும் ஒரு வகை மட்டும் 270 நாளில் முழுதாகக் கரைந்தது. பி.எல்.ஏ.விலும் பி.பி.ஏ.டி.யிலும் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் இமோஜன் நாப்பரும் ரிச்சர்ட் தாம்ப்சனும் கடைகளில் தரும் ஐந்து வகைப் பைகளை மண்ணிலும் கடலிலும் திறந்த வெளியிலும் மூன்று ஆண்டு வைத்துப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். 'பயோடிகிரேடபிள்' என்று அச்சிட்ட பை மண்ணிலும் கடலிலும் மூன்று ஆண்டு கிடந்த பிறகும் கடைச் சாமான்களைத் தாங்கியது. உரமாகும் பை கடலில் மூன்று மாதத்தில் காணாமல் போனது. அதே பை மண்ணில் 27 மாதம் கழித்தும் இருந்தது. ஒரே பை, இரண்டு இடங்கள், இரண்டு கதி. பரணில் இருந்த ஓலையும் ஆற்றில் விட்ட ஓலையும் எனக்கு இங்கே நினைவுக்கு வருகின்றன.

அந்தப் பைகளில் 'ஆக்ஸோ' வகையும் ஒன்று. சாதாரணப் பாலித்தீனில் உலோக உப்பு கலந்து, வெயிலில் சீக்கிரம் நொறுங்கச் செய்வது. கண்ணிலிருந்து மறையும், மண்ணிலிருந்து மறையாது. நொறுக்குகளாகிக் கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியம் இதை 2021 ஜூலை முதல் தடை செய்தது. மிகச் சரியான முடிவு என்பேன். முழுப் பையைக் குனிந்து எடுக்கலாம், பொடியை யாராலும் எடுக்க முடியாது.

மேசையின் மேல் இருக்கும் ஒரு பொருளின் பெயர்க்கதை இதில் கவனத்துக்கு உரியது. செல்லோ டேப். சுவிட்சர்லாந்துக்காரர் ஜாக் பிராண்டன்பெர்கர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செல்லுலோஸைக் கரைத்துக் கண்ணாடிபோன்ற தாளாக ஆக்கினார். அதுவே செல்லோஃபேன். அமெரிக்காவில் ரிச்சர்ட் ட்ரூ 1930இல் அதன்மேல் பசை தடவி ஒட்டுநாடா செய்தார். மேற்பூச்சு இல்லாத அந்தத் தாள் ஈரமண்ணில் பருத்தித் துணியைப்போல வாரங்களிலும் மாதங்களிலும் மக்கும், சூட்டுக் குவியல் எதுவும் வேண்டாம். இன்று நம் அலுவலகங்களில் அதே பெயரில் விற்பது பெரும்பாலும் இழுத்து மெலிதாக்கிய பாலிப்ரொப்பிலீன் படலம். மக்கும் காலத்துப் பெயர் மட்டும் மக்காத பொருளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபைல் கட்டும் பருத்தி டேக், உறைக்கு முத்திரை வைக்கும் அரக்கு, மரப்பிசினில் செய்த கோந்து ஆகியவை எந்தச் சான்றும் இல்லாமலே மக்குபவை. அவற்றை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டு, சான்றிதழ் தேவைப்படும் பொருள்களை முன்வரிசையில் அடுக்கியிருக்கிறோம்.

அனலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காய்ந்த குப்பையைக் கொளுத்துவது டெல்டாவில் இன்றும் வழக்கம். பி.எல்.ஏ. எரிந்தால் கிட்டத்தட்ட தாள் எரிந்ததுபோல. ஆனால் குவியலில் அதனோடு அடையாள அட்டையின் பி.வி.சி.யும் கிடக்கும். பி.வி.சி. திறந்த வெளியில் எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியும் டையாக்சினும் வரும். எது எதுவென்று தெரியாத குவியலுக்குத் தீ வைப்பதை எந்தப் பசுமை முத்திரையும் பாதுகாப்பானதாக்காது.

சட்டம் இந்த 'எங்கே' என்ற கேள்விக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பல பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. காரைக்காலோ புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது, நான்கு பக்கமும் தமிழ்நாட்டு ஊர்களும் கடலும் சூழ்ந்த நிலத்துண்டு. பை எந்த எல்லையையும் மதிப்பதில்லை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க ஒரே தடை வந்தபோது அந்தக் குழப்பம் ஓரளவு தீர்ந்தது. கைப்பையின் குறைந்தபட்சக் கனம் 75 மைக்ரான் என்றும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் என்றும் உயர்ந்தது. உரமாகும் பைக்கு மட்டும் இந்தக் கன விதியிலிருந்து விலக்கு. அந்த விலக்குதான் சந்தையில் 'மக்கும்' என்ற சொல்லுக்கு இவ்வளவு விலை தந்தது. 2024 மார்ச்சில் வந்த திருத்தம்தான் எனக்கு நிறைவு தருவது. மக்கும் பிளாஸ்டிக் என்பது மண், குப்பைக் கிடங்கு, கழிவுநீர்ச் சேறு, நன்னீர், கடல் என்று குறிப்பிட்ட சூழலில், நுண்பிளாஸ்டிக் எதையும் மிச்சம் வைக்காமல் சிதைவது என்று அது வரையறுக்கிறது. சூழலைச் சொல்லாமல் மக்குதலைப் பற்றிப் பேச முடியாது என்பதை அரசாணையே ஒப்புக்கொண்டுவிட்டது.

மண்ணிலும் கடலிலும் சூட்டுக் குவியல் இல்லாமலே உடையும் பிளாஸ்டிக் ஒன்றும் உண்டு. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த 1926இல், பிரான்சின் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த மொரீஸ் லெமுவான் ஒரு மண் பாக்டீரியாவின் உடலுக்குள் சிறு மணிகளாகச் சேர்ந்திருந்த பொருளைக் கண்டார். நாம் கொழுப்பைச் சேமிப்பதுபோல பாக்டீரியா சேமிக்கும் பாலியெஸ்டர் அது. இன்று பி.எச்.ஏ. என்ற குடும்பப் பெயரால் வழங்குகிறது. ஓர் உயிர் சேமித்ததை இன்னோர் உயிர் தின்னப் பழகியிருக்கும் என்பதால், அதை வெட்டும் நொதிகள் மண்ணிலும் கடற்சேற்றிலும் பரவலாக இருக்கின்றன. விலை மட்டும்தான் இன்னும் மேசைப் பொருள் ஆகும் அளவுக்கு இறங்கவில்லை. இலையின் மேல்தோலும் ஒரு பாலியெஸ்டர்தான், கியூட்டின் என்பார்கள். அதைக் கிழித்து உள்ளே புகப் பூஞ்சைகள் வைத்திருக்கும் நொதியே பி.பி.ஏ.டி.யையும் வெட்டுகிறது. ஒசாக்காவில் ஒரு பூங்காவின் இலைக்குவியலில் 2012இல் கிடைத்த அப்படி ஒரு நொதியைப் பிரான்சின் தூலூஸ் நகரத்தார் மேம்படுத்தி, 72 டிகிரியில் 10 மணி நேரத்தில் பெட் பிளாஸ்டிக்கில் 90 விழுக்காட்டை உடைத்ததாக 2020இல் அறிவித்தார்கள். மக்கும் இலைக்குவியலில் இருந்துதான் அந்த வழி கிடைத்தது. அதுவும் ஆலைத் தொட்டிக்குள், அதே சூட்டோடு.

இவை மேசைக்கு வந்து சேரும்வரை ஓர் அலுவலகம் என்ன செய்யலாம்? பேனா வாங்கும்போது ரீஃபில் மாற்றக்கூடியதை வாங்கி ரீஃபிலை மட்டும் மாற்றலாம். மை ஊற்றி எழுதும் பேனா இன்னும் நல்லது, ஓர் உடல் பத்தாண்டு வரும். ஃபைலுக்கு அட்டையும் பருத்தி டேக்கும் போதும். விழாவுக்குக் கொடுக்கும் அடையாள அட்டையை மாலையில் திரும்ப வாங்கிக்கொண்டால் அடுத்த விழாவுக்கு ஆகும். உரமாகும் பொருளைத்தான் வாங்குவது என்று முடிவானால், கொள்முதல் ஆணையிலேயே மூன்று வரி எழுத வேண்டும்: எந்தத் தரச் சான்று, எந்தக் கனத்துக்கு, பயன்படுத்திய பின் எந்த உரக்கூடத்துக்கு. மூன்றாவது வரிக்குப் பதில் இல்லாவிட்டால் முதல் இரண்டுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

கேரளத்தில் லட்சுமி மேனன் போன்றவர்கள் செய்து பரப்பிய தாள் பேனா இப்போது பல ஊர்களில் கிடைக்கிறது. பழைய தாளை இறுகச் சுருட்டி, பின்முனையில் அகத்தி விதை ஒன்றை வைத்து ஒட்டியது. ஏழைப் பெண்களுக்கு அதில் வேலை கிடைக்கிறது. பிளாஸ்டிக் உடல் இல்லை. நான் மனமார விரும்பும் பேனா அது. அதைப் பிரித்துப் பாருங்கள். வெளியே தாள், உள்ளே பாலிப்ரொப்பிலீன் குழாய், முனையில் பித்தளை, அதன் நுனியில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத டங்ஸ்டன் கார்பைடு உருண்டை. ஐப்பசியில் அதைத் திருநள்ளாற்றுக் களிமண்ணில் நட்டால் தை பிறப்பதற்குள் தாள் போய்விடும், விதை நன்றாக இருந்தால் அகத்தி முளைத்து நிற்கும். செடியைச் சுற்றி மண்ணைக் கிளறினால் குழாய் நட்ட நாளில் இருந்தபடியே கிடக்கும், உள்ளே கொஞ்சம் நீல மையோடு. அதனால் நடுவதற்கு முன் ரீஃபிலை உருவி எடுத்துவிடுங்கள். வெளியே இழுத்தால் வந்துவிடும்.